நான் டீ குடிக்கப் போன சனிக்கிழமை

வாழ்நாளில் நான் ஓடியது இரண்டே முறை. முதல் முறை செம்மண்டலத்தில், நாய் துரத்தியபோது. இரண்டாவது முறை அண்ணாமலை நகர் மைதானத்தில். அதைப் பிறகு சொல்கிறேன். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இருபது வருடங்களாக, ஓடுகிறவர்களுக்கு எப்படி ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன்.

கடலூர் செம்மண்டலத்தில், ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் என் இடம். பலகையில் இயன்முறை மருத்துவம் என்று பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். யாரும் அப்படிச் சொல்வதில்லை. படித்தவர்கள் பிசியோ என்பார்கள். மற்றவர்கள் கரண்டு வைக்கிற இடம் என்பார்கள். என் மனைவி தடவுற கடை என்பாள். என் தொப்பை எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே அறைக்குள் நுழைந்துவிடும். ஒருமுறை முட்டி வலி என்று வந்த கபடி ஆட்டக்காரன் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், கட்டில் ஒண்ணுதான் இருக்குது. மொதல்ல நீங்க படுங்க, எனக்கு அவ்ளோ அவசரம் இல்ல" என்றான்.

இப்படி ஆரம்பித்தால் ஆள் சிரித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். தொழிலே அதுதான். சிரிக்கிறவரின் தசை தளரும். தளர்ந்த தசையில் விரல் சுலபமாக இறங்கும். சிரிக்க வைத்தே பல வலிகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். சிரிக்க வைத்தே ஒரு வலியைத் தவறவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இடையிடையே நான் வேறு பேச்சுக்கு நழுவினால் கண்டுகொள்ளாதீர்கள். பழக்க தோஷம்.

எலும்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் அதைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ரோடு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை. புது ரோடு போடுவதற்கு முன் பழசைத் தோண்டுவார்கள். தோண்டுகிறவன் இன்றைக்கே வந்துவிடுவான். போடுகிறவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. ஓடுகிறவர்களின் எலும்பிலும் இதே கதைதான். அடிபட்ட பழைய எலும்பை உடம்பு கரைத்து எடுக்கும், பிறகு புதிதாகக் கட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில் லாரி விட்டால், அதாவது வேகத்தையும் தூரத்தையும் கூட்டினால், ரோடு விரிசல் விடும். கட்டுகிற வேலைக்குச் சோறு வேண்டும், மீன் வேண்டும், தூக்கம் வேண்டும். பெண் என்றால் மாதாமாதம் வர வேண்டியது வந்துகொண்டிருக்க வேண்டும். சாப்பாடு பத்தாத உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும். அது நின்றால், ரோடு போடுகிறவன் ஊரை விட்டே போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருக்கும். காலில், பாதத்தில் என்றால் விரலால் அழுத்திக் கண்டுபிடிக்கலாம். தொடை எலும்பின் கழுத்தில், இடுப்போடு சேருகிற இடத்தில் என்றால் விரல் எட்டாது. அங்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், அல்லது சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எட்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடற்கரை கிராமத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் மீன் விற்கிறவள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மகள் சிதம்பரம் அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த மைதானத்துக்குப் போய் ஓடுகிற பிள்ளைகளை இலவசமாகப் பார்த்து வந்தேன். சேவை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வாரத்தில் ஒரு நாளாவது என்னைச் சுற்றி நின்று 'சார் சார்' என்று கூப்பிட ஒரு கூட்டம் வேண்டியிருந்தது என்பதுதான் நிஜம். அந்தக் கூட்டத்திலேயே நன்றாக ஓடுகிறவள் அவள். மூன்று வாரத்தில் மாநில அணிக்கான தேர்வு இருந்தது. அதில் தேறினால் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு வழி உண்டு. அந்த வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை.

தொடை இடுக்கில் வலி. ஓட ஆரம்பித்தால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. எக்ஸ்ரே எடுத்து வந்திருந்தார்கள். படம் சுத்தம்.

"நொண்டி அடி பாப்போம்" என்றேன். வலிக்கிற காலில் பத்து முறை. சிரித்துக்கொண்டே அடித்தாள். ஏழாவதில் ஒரு தரம் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தம்பி, இவ செலக்சன்ல வரணும்னு தீமிதிக்கு நேந்துக்கிட்டிருக்கோம். ஒரு மண்டலம் கவுச்சி கெடையாது, ஒரு வேள சோறு. போன வருசம் காப்பு கட்டி, நடுவுல தீட்டு வந்து தீயில எறங்க முடியாம போயிடுச்சு. இந்த வருசம் ஆத்தாளே பாத்துக்கிட்டா. அஞ்சு மாசமா தீட்டே வரல தம்பி!"

முகமெல்லாம் அவளுக்கு அவ்வளவு மலர்ச்சி. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு, புதுசு.

மீன் தின்று வளர்ந்த பெண், நாற்பத்தெட்டு நாள் மீன் இல்லாமல், ஒரு வேளைச் சோற்றில், வாரம் எழுபது கிலோமீட்டர் ஓடுகிறாள். ஐந்து மாதமாக நின்றுபோயிருக்கிறது. தொடை இடுக்கில் வலி. நொண்டி அடித்தால் கண் மூடுகிறது. விடை முழுவதையும் அந்தத் தாய் தன் வாயாலேயே என் மேசையில் வைத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு கேள்வி கேட்பதுதான். அதற்கு முன்னால் எப்போது ஒழுங்காக வந்தது? விரதத்துக்கு முன்பே சாப்பாடு குறைந்துவிட்டதா?

எனக்குக் காது சூடாகிவிட்டது. மனைவியிடம்கூட அந்தப் பேச்சை ஜாடையாகப் பேசுகிற ஆள் நான். ஒரு குமரிப் பெண்ணிடம், தாயை வைத்துக்கொண்டு, அதுவும் சாமி சமாச்சாரத்தில்! கேள்வி வாய் வரைக்கும் வந்தது. வாயில் எப்போதும் தயாராக இருப்பது அதை முந்திக்கொண்டது.

"சரிதான்க்கா, ஆத்தாளே டீம் மேனேஜரா வந்துட்டா. இனிமே இங்க எனக்கு என்னா வேல? நான் போயி டீ குடிக்கிறன்."

தாய் கொல்லென்று சிரித்தாள். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கம் போன தெம்பு வந்தது. நிஜமாகவே கீழே இறங்கிப்போய் டீ குடித்தேன். மேலே வந்து, "தசைப் பிடிப்புதான். பத்து நாளு ஒத்தடம் குடு. கொஞ்சம் மெதுவா ஓடு" என்று அனுப்பிவைத்தேன்.

எட்டு நாள் கழித்து, ஞாயிறு காலை, அண்ணாமலை நகர் மைதானம். நான் வேலியோரம் நின்று நான்கு பேரிடம் ஏதோ நக்கல் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் தூரத்து வளைவில் திரும்பினாள். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து அது கேட்கச் சாத்தியமே இல்லை என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் எதையும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் கீழே விழவில்லை, உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்து கால் கடுத்தவர்கள் உட்காருவது போல.

அப்போதுதான் நான் ஓடினேன், இரண்டாவது முறை. மூச்சு வாங்கப் போய் நின்றபோது அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "சார், நீங்க ஏன் சார் ஓடி வரீங்க? உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போவுது."

வலிக்கிறவள் சொன்ன நகைச்சுவைக்கு நான் சிரிக்கவில்லை. அந்தக் கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை. மூன்று திருகாணிகள். ஆம்புலன்ஸில் கூடவே போனேன். சிகிச்சை முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "எத்தன நாளா வலி இருந்துச்சு? பீரியட்ஸ் ஒழுங்கா வந்துச்சா, யாராச்சும் கேட்டீங்களா?"

"தெரியல டாக்டர்" என்றேன்.

என் இருபது வருடத் தொழிலில் நான் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அது. அதில் கலப்படமே இல்லாத பொய் இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தாய் என் வீட்டுக்கே வந்தாள். கையில் பை. பையில் நல்ல வஞ்சிரம், துண்டு போட்டது. "ஆம்புலன்சுல கூடவே வந்தீங்களே தம்பி. சொந்தக்காரன்கூட வரல" என்றாள். பிறகு வாசற்படியில் நின்றுகொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எல்லாம் என்னாலதான் தம்பி. வெரத நாளு, அவுங்க அப்பாவுக்கு மீன் கொழம்பு வச்சன். பழக்கத்துல உள்ளங்கையில ஊத்தி உப்பு பாத்துட்டன். நாக்குல பட்டதும்தான் நெனப்பு வந்துச்சு. வாய கழுவிட்டு யாருகிட்டயும் சொல்லல. ஆத்தா சும்மா வுடுவாளா?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "அப்படில்லாம் இல்லக்கா" என்றேன். அதை எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள்.

அன்றைக்கு இரவு தட்டில் வைத்த வஞ்சிரத்தை நான் தொடவில்லை. "என்னா புது நாடகம்? வஞ்சிரத்த வேணாங்கிற ஆளா நீங்க?" என்றாள் மனைவி. வயிறு சரியில்லை என்றேன். என் வயிற்றைப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு முருங்கைக்காய் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை ஆனது. மனைவி கையால் ஒடித்துத்தான் நார் உரிப்பாள். 'படக்' என்று ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்கும், நான் ஹாலில் எழுந்து நின்றுவிடுவேன். கத்தியால் வெட்டச் சொன்னேன். "கத்தியில வெட்டுனா நாரு வராது" என்றாள். கடைசியில் நார் வராத முருங்கைக்காயைச் சாப்பிடும் குடும்பம் ஆனோம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், யார் அந்த வளைவில் திரும்பினாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பையன் என்றாலும், வயதானவர் நடைப்பயிற்சி போனாலும் கேட்டது. ஒரு நாள் மாடு ஒன்று அந்த வளைவில் போனது. அதற்கும் கேட்டது. மாட்டுக்காகப் பதறிய பிசியோ தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்று மட்டும் மாறியது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினேன். ஓடுகிற பெண் யார் வந்தாலும் பெயர் கேட்பதற்கு முன் அதைக் கேட்டேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு தகப்பனார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்ததும் உண்டு. தொடை இடுக்கில் வலி என்று வருகிறவர்களை நொண்டி அடிக்கச் சொல்வதையும் விட்டேன். பாலம் விரிசல் விட்டிருக்கிறதா என்று அதன்மேல் குதித்துப் பார்க்கிற வேலை அது.

இத்தனையையும் மற்றவர்களுக்குச் செய்தேன். அந்தத் தாயிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீபாவளிக்கு, மாசி மகத்துக்கு, அவள் மீன் கொண்டுவருவது நிற்கவில்லை. நான் வாங்கிக்கொள்வதும் நிற்கவில்லை.

போன ஆடியில் அவள் மறுபடி மாடி ஏறி வந்தாள். கூட இரண்டு பேர். ஒருத்தி மூத்தவள், இப்போது சிதம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து எழுவாள். இன்னொருத்தி இளையவள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அக்கா ஓடிய அதே மைதானத்தில் அதே தூரத்தை ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வருடமாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்குச் சொல்லி மைதானத்துக்குப் போகாமல் இருந்தேன். அதற்குக் காரணம் இந்தப் பெண்தான்.

"தம்பி, அதே எடம் தம்பி" என்றாள் தாய்.

இளையவள் தொடை இடுக்கைத் தொட்டுக் காட்டினாள். அந்தக் கையில் மஞ்சள் கயிறு.

எனக்குப் படிக்கட்டு இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது. அது மூன்றாவது முறையாக இருந்திருக்கும்.

"ஒக்காரும்மா. நொண்டி கிண்டி அடிக்க வேணாம். நிக்கவும் வேணாம்" என்றேன். பிறகு கேட்டேன்: "மாசாமாசம் வருதா? கடைசியா எப்ப வந்துச்சு?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய், எட்டு வருடத்துக்கு முன்பு இருந்த அதே மலர்ச்சியோடு, "நாலு மாசமா இல்ல தம்பி. ஆத்தா இந்தத் தடவ கண்ண தொறந்துட்டா. நானும் என் பங்குக்குக் கட்டுத்திட்டமாத்தான் இருக்குறன். பெரியவளுக்கு அப்படி ஆனதுலேர்ந்து மீனே நான் வாயில வக்கிறதில்ல" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்துதான். எட்டு வருசம் ஆச்சு. உப்புகூட பாக்க மாட்டன். இவளுங்கதான் பாத்துச் சொல்லணும்."

தினம் விடியற்காலையில் கூடை கூடையாக மீன் வாங்கி, நறுக்கி, விற்று, எனக்குத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கை. எட்டு வருடமாக அதில் ஒரு துண்டை அவள் தின்னவில்லை. ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் வைத்த குற்றத்துக்கு. அந்தக் குற்றத்தை அவள் தலையில் ஏற்றியது யாரென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாயில் ஒரு நகைச்சுவை தயாராக வந்து நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் வந்தது. அதை விழுங்கினேன்.

"அக்கா, அது ஆத்தா கோவம் இல்ல. உப்பும் இல்ல. அன்னிக்கு நீங்க அஞ்சு மாசமா வரலன்னு சொன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. உடம்பு சோறு பத்தாம நின்னுபோயிருக்கு, எலும்பு உள்ள தேஞ்சிக்கிட்டிருக்குன்னு. ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கணும். ஓடாதன்னு சொல்லியிருக்கணும். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டன். தப்பு என்னோடது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தவள் கதவோரமே நின்றாள்.

தாய் கேட்டாள்: "கேட்டிருந்தா?"

"ரெண்டு மாசம் குச்சி வச்சிக்கிட்டு நடந்திருப்பா. நல்லா சாப்ட்டிருப்பா. அப்புறம் ஓடியிருப்பா."

"ஓடியிருப்பாளா?"

"ஓடியிருப்பா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்தாள். "நீ அன்னிக்கு டீ குடிக்கப் போன" என்றாள். அதுவரை அவள் என்னை நீ என்றதில்லை. "ஆத்தாள மேனேஜருன்னு ஏதோ சொன்ன. நான் சிரிச்சன்."

"ஆமாக்கா."

"நான்தான் ஜாஸ்தி சிரிச்சன்."

இந்த இடத்தில் திட்டியிருக்கலாம். அந்தக் கடலோரப் பெண்கள் திட்டினால் படகே கரைக்கு வந்துவிடும் என்பார்கள். அவள் திட்டவில்லை. நான் திட்டுக்கு ஏங்கிப்போய் நின்றேன்.

இளையவள்தான் முதலில் பேசினாள். "அப்ப நான் ஓடக்கூடாதா? தீமிதிக்கு இன்னும் ஒம்போது நாளு இருக்குது. ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு ஒரு மாசம்தான்."

"ஒரு அடிகூட ஓடக்கூடாது. ஸ்கேன் எடுக்குற வரைக்கும் அந்தக் கால்ல பாரமே போடக்கூடாது. வெரதமும் கூடாது. மீன், முட்ட, மூணு வேள சோறு."

"காப்பு கட்டியாச்சே" என்றாள் தாய்.

"அம்மா, கயிற அவுத்துடு" என்றாள் மூத்தவள் கதவோரத்திலிருந்து. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குச் சொல்கிற தெளிவோடு சொன்னாள்.

"இங்க அவுக்கக் கூடாதுடி. கோயில்லதான் அவுக்கணும். அவுத்தா என்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"அவுக்கலன்னா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

என்னிடமிருந்த ஊன்றுகோல் இரண்டையும் இளையவளுக்குக் கொடுத்தேன். மாடிப்படியில் அக்கா முன்னால் நின்று, தங்கையை ஒவ்வொரு படியாக இறக்கினாள். தாய் பின்னால் போனாள். திரும்ப வருவார்களா, கயிறு அவிழுமா, ஸ்கேன் எடுப்பார்களா, எனக்குத் தெரியாது. நேரே கோயிலுக்குப் போய் இன்னும் கடுமையான விரதம் ஒன்றை ஏற்றுக்கொண்டு, அந்தப் பெண் தீயில் நடப்பதை நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காட்சியில் தீ சுடவே இல்லை; ஒடிகிற சத்தம்தான் கேட்டது.

மூன்று நாள் போனது. மனைவி அந்த நாட்களில் முருங்கைக்காய் வாங்கவே இல்லை.

நான்காம் நாள் மூத்தவளிடமிருந்து வாட்ஸப்பில் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. தொடை எலும்பின் கழுத்தில், உள்பக்கமாக ஒரு கோடு. பாதி தூரம்கூடப் போகவில்லை. உள்பக்கம் என்பது நல்ல செய்தி. அந்தப் பக்கத்து எலும்பு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், பாரம் எடுத்துவிட்டால் தானே சேரும். எலும்பு டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். அறுவை சிகிச்சை வேண்டாம், ஆறு வாரம் ஊன்றுகோல். ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கையும் படத்தில் விழுந்திருந்தது. இளையவளின் கை. மணிக்கட்டில் கயிறு இல்லை; கயிறு இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம் மட்டும்.

ஆறு வாரம் முடிந்து வாராவாரம் வந்தாள். அக்காதான் கூட்டிவருவாள். முதலில் ஊன்றுகோல் இல்லாமல் நடை. பிறகு படுத்தபடி இடுப்புத் தசைக்குப் பயிற்சி. வலி இல்லாமல் அரை மணி நடக்க முடிந்த பிறகுதான் அடுத்தது. என் வேலையில் கஷ்டமான பகுதி இதுதான். உடைந்தவர்களைத் தேற்றிவிடலாம், குணமாகிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். "இன்னும் ஒண்ணு பண்ணட்டா சார்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். "வேணாம். மிச்சம் வை" என்பேன்.

"வீட்ல நல்லா சாப்பிடுறியா?"

"அம்மா எனக்கு நாலு துண்டு வக்கிறாங்க சார்."

"அம்மா?"

"திங்கல. ஆனா இப்ப கொழம்புக்கு உப்பு பாக்குறாங்க."

கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரி செய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மூத்தவளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'வந்துடுச்சு.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னா தம்பி, வீட்ல ஏதாச்சும் விசேசமா?" என்றார். ஒரு பெண்ணின் மாதவிலக்குக்காக பஸ்ஸில் அழுகிற மனுசனை அவருக்கு எப்படி விளக்குவது? "ஆமாய்யா" என்றேன். வாழ்த்துச் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

தாய் அதற்குப் பிறகு மீன் கொண்டுவரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, மாசி மகத்துக்கும் வரவில்லை. ஒரு நாள் துறைமுகச் சந்தையில் அவளிடமே போய் நின்றேன். "என்னா வேணும்?" என்றாள், எல்லாரிடமும் கேட்பது போல. சங்கரா வாங்கினேன். நறுக்கிக் கொடுத்தாள். ஒரு துண்டுகூட அதிகம் போடவில்லை. அன்றைக்கு இரவு அதைச் சாப்பிட்டேன். முள்ளோடு.

இந்த மாதம் முதல் ஞாயிறு, இளையவளை முதல் முறையாக ஓடவிட்டேன். அண்ணாமலை நகர் மைதானம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஐந்து தரம். அவ்வளவுதான். நானும் மூத்தவளும் வேலியோரம் நின்றோம். ஸ்டாப்வாட்ச் என் கையில்.

நான்கு தரம் நேர்கோட்டில் முடிந்தது. ஐந்தாவது ஓட்டம் அந்தத் தூரத்து வளைவில் விழுந்தது. திட்டம் போட்ட மடையன் நான்தான். அதைக்கூடக் கணக்குப் பார்க்கவில்லை. அவள் வளைவை நெருங்கினாள். 'படக்' என்று கேட்டது. எட்டு வருடமாகக் கேட்கிற அதே சத்தம், அதே இடம். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் பார்த்தால் மூத்தவளும் கம்பியைப் பிடித்திருந்தாள். அவள் தங்கையைப் பார்க்கவில்லை. வளைவில், தான் உட்கார்ந்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் கேக்குதா சார்?" என்றாள்.

"கேக்குது."

"நான் தெனம் ஸ்கூல் கிரவுண்டுல கேக்குறன். பசங்க யாரு திரும்புனாலும்."

மாட்டுக் கதையைச் சொல்லியிருந்தால் அவள் நிச்சயம் சிரித்திருப்பாள். சொல்லவில்லை. இரண்டு பேரும் கம்பியை விடவில்லை.

இளையவள் வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். தோள் தளர்ந்து, இரண்டு பாதமும் ஒரே அளவாக விழுந்து. எங்கள் முன்னால் வந்ததும் மூச்சு வாங்காமல் கேட்டாள்: "சார், ஒரு நிமிசம் ஆயிடுச்சா?"

கையைப் பார்த்தேன். இந்த ஐந்தாவது ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்சை நான் அமுக்கவே இல்லை. அது சுழியத்தில் நின்றிருந்தது.

"என்னா சார் நீங்க! அப்ப மறுபடி ஓடட்டா?"

"வேணாம். இன்னிக்கு இவ்ளோதான். மிச்சம் வை."

அவள் முனகிக்கொண்டே அக்காவின் தோளில் கை போட்டு, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உதறினாள். வெளியே டீக்கடையில் பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. "சார், டீ குடிக்கலாமா?" என்றாள் மூத்தவள்.

"நீங்க போங்க" என்றேன். "நான் இங்கயே கொஞ்ச நேரம் நிக்கிறன்."